புழு இல்லாத கால்

மரக்காணம் உப்பளத்தில் காலை மறைக்க வழியில்லை. பாத்தியில் இறங்கும் பெண் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகியாக வேண்டும். ஆண் வேட்டியை மடித்துக் கட்டியாக வேண்டும். தை, மாசியில் பாத்தியைச் சீர்படுத்தத் தொடங்கினால், சித்திரை வெயிலில் உப்பு வாரி, ஐப்பசி மழை வந்து மிச்சத்தைக் கரைக்கும் வரை பெரும்பாலும் வெறுங்கால் வேலைதான். ஊருக்குள் தரையைத் தொடும் புடவைக்குள் ஒளிந்திருந்த வீங்கிய கால், இங்கே நாலு பேர் பார்க்க உப்புத் தண்ணீரில் நிற்கும்.

பார்க்கிற நாலு பேரிடமும் ஆளுக்கொரு விளக்கம் இருக்கும். ‘உப்புத் தண்ணியில நின்னு நின்னு ஊறிப்போச்சு’ என்பார் ஒருவர். ‘அவங்க அம்மாவுக்கும் இருந்துச்சு, ரத்தத்துலயே வர்றது’ என்பார் இன்னொருவர். அவர் உட்கார்ந்த பாயில் உட்காராதே என்று பிள்ளைகளை இழுத்துக்கொள்பவர்கள் உண்டு. போன பிறவிப் பாவம் என்று கணக்கை முடித்துவிடுபவர்களும் உண்டு. யானைக்கால் நோய் பற்றித் தமிழ்நாட்டின் கடலோர ஊர்களில் காலங்காலமாகக் காதில் விழும் பேச்சு இது. ஒன்றுகூட உண்மையில்லை.

இந்தப் பொய்களுக்கெல்லாம் அடியில் இன்னொரு தவறு இருக்கிறது. இந்த அத்தியாயம் அதைப் பற்றியதுதான். தொற்றிக்கொள்ளும் என்று பயந்து யாரைவிட்டு ஒதுங்குகிறோமோ, அவரிடம் பெரும்பாலும் பரப்புவதற்கு எதுவுமே இருப்பதில்லை. பரப்பக்கூடியவர் நமக்குப் பக்கத்திலேயே நிற்பார், இரண்டு காலும் ஒழுங்காக.

சாபம் என்ற கதை பழையது. அதற்கு நம் கரையோடு ஒரு தொடர்பும் உண்டு. 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த யான் ஹியூகன் வான் லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், 1596-ல் வெளியான தன் பயண நூலில் ஒரு கால் மட்டும் யானையின் கால்போலத் தடித்த மக்களைப் பற்றி எழுதுகிறார். மயிலாப்பூரில் புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சம் அது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நோய், பரம்பரை, பாவம் மூன்றும் ஒரே முடிச்சில்! ஐரோப்பியர் பலர் இதை நம்பித் திருப்பித் திருப்பி எழுதினார்கள். ‘புனித தோமாவின் கால்’ என்ற பெயரே நிலைத்தது. கொன்றவர் யார், தடித்த கால் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாபக் கதைகளுக்கு அந்த வசதி உண்டு. நோயாளியைப் பார்த்தவுடன் குற்றத்தையும் கண்டுபிடித்துவிடலாம்.

உண்மையான குற்றவாளியைக் கண்டுபிடிக்க மேலும் முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1872-ல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் மனித ரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைப் பார்த்தார். 1876-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் வளர்ந்த புழுவைக் கண்டார். மறு ஆண்டு சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பேட்ரிக் மேன்சன், நுண்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் காட்டினார். ஒரு நோயின் கிருமியைப் பூச்சி சுமக்கிறது என்று மருத்துவம் அறிந்த முதல் தருணங்களில் அது ஒன்று. ஆனால் கடைசிப் படியில் மேன்சன் சறுக்கினார். கொசு தண்ணீரில் விழுந்து செத்து, அந்தத் தண்ணீரைக் குடிப்பவருக்கு நோய் வருகிறது என்று நினைத்தார். 1900-ல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள்ளேயே புழுவைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. கடித்துத்தான் பரவுகிறது.

இந்தியாவில் யானைக்காலுக்குப் பெருமளவு காரணமான புழுவின் பெயர் உச்சரேரியா பான்கிராஃப்டி. வளர்ந்த பெண் புழு ஒரு விரல் நீளம் இருக்கும், தையல் நூலைவிட மெல்லியது. அது ரத்தக் குழாயில் குடியிருப்பதில்லை. நிணநீர் நாளத்தில் ஆணும் பெண்ணுமாகச் சுருண்டு வாழ்கிறது. திசுக்களில் கசிந்து தேங்கும் நீரை மீண்டும் ரத்தத்துக்குக் கொண்டுசேர்க்கும் வடிகால் வலை அந்த நாளங்கள். அங்கே ஐந்தாறு ஆண்டுகள், சில நேரம் அதைவிடக் கூடுதலாகவும், புழு உயிரோடு இருந்து லட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று ரத்தத்தில் விடுகிறது. அந்த நுண்புழுக்களிடம் ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. பகலில் நுரையீரலின் நுண்குழாய்களில் ஒதுங்கிக்கொள்ளும். இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கு அருகே ரத்தத்தில் வந்து மிதக்கும். அந்த நேரத்தில்தான் நம்மூர் க்யூலெக்ஸ் கொசுவும் கடிக்க வருகிறது. 1881-ல் லண்டனில் ஸ்டீஃபன் மெக்கன்சி ஒரு நோயாளியைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் பழக்கினார். சில நாட்களில் புழுவும் நேரத்தை மாற்றிக்கொண்டு பகலில் வெளியே வந்தது. சுகாதாரத் துறைக்காரர்கள் நடு இரவில் கதவைத் தட்டி விரல் நுனியில் ரத்தம் கேட்பதன் காரணம் புழுவின் இந்த இரவுப் பழக்கம்தான்.

அந்தக் கொசு வளரும் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். உப்பளத்தின் செறிந்த உப்புநீர் அதற்கு ஆகாது. க்யூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் தேடுவது அழுக்குத் தண்ணீரை: தேங்கிய சாக்கடை, மூடாத செப்டிக் டேங்க், குப்பை விழுந்த பாழுங்கிணறு. ஆகவே உப்புத் தண்ணீரில் நின்றதால் நோய் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையிலிருந்து, தூங்கும்போது வந்தது.

அதுவும் ஒரு கடியில் வருவதில்லை. மலேரியாக் கிருமி உடலுக்குள் புகுந்ததும் பெருகும். இந்தப் புழு மனித உடலில் எண்ணிக்கையில் பெருகி வளர்ந்த புழுவாக ஆக முடியாது. ஒவ்வொரு வளர்ந்த புழுவும் தனித்தனியாகக் கொசுவிலிருந்து வந்தாக வேண்டும். கொசு அதை ஊசிபோலச் செலுத்துவதும் இல்லை. தோலின்மேல் இறக்கிவிடுகிறது, கடித்த துளை வழியாகப் புழு தானே ஊர்ந்து உள்ளே போகிறது. வழியிலேயே காய்ந்து சாகும் புழுக்கள் ஏராளம். உள்ளே போனாலும் ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும். 1968-ல் ஹேர்ஸ்டன், டி மெய்லன் இருவரும் ரங்கூன் நகரத் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கு இன்றும் வியப்பூட்டுவது. ஒருவர் ரத்தத்தில் புதிதாக நுண்புழு தோன்ற, புழு சுமந்த கொசுவின் கடி சராசரியாக 15,500 தேவை என்றார்கள். பாயில் உட்கார்ந்தால் வருமா, துணியைச் சேர்த்துத் துவைத்தால் வருமா என்று கேட்பவர்களிடம் இந்த எண்ணைச் சொல்லலாம். தாய்க்கும் மகளுக்கும் சேர்ந்து வருவது ஒரே ரத்தம் என்பதனால் என்று ஊர் சொல்கிறது. ஒரே வீட்டில், ஒரே சாக்கடைக்கு அருகில், பல ஆண்டுகள் கொசுவலை இல்லாமல் படுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்தப் பெரிய தவறுக்கு வருவோம். புழுவைச் சுமக்கும் எல்லோருக்கும் கால் வீங்குவதில்லை. பெரும்பாலோருக்கு வெளியே எதுவும் தெரியாது. அவர்களுடைய நோய் எதிர்ப்பு மண்டலம் புழுவோடு ஒருவித சமாதானத்துக்கு வந்துவிடுகிறது. புழுவே சில வேதிப்பொருட்களைச் சுரந்து அந்தச் சமாதானத்தை வாங்குகிறது. ரத்தத்தில் நுண்புழு நிறைய, உடம்போ பார்க்க நன்றாக. வேறு சிலருடைய உடல் சமாதானத்துக்கு இணங்குவதில்லை. புழுவை எதிர்த்து நாளத்தையே போர்க்களம் ஆக்கிவிடுகிறது. நுண்புழுக்கள் ஒழிகின்றன, வளர்ந்த புழுவும் ஒருநாள் சாகிறது. ஆனால் வடிகால் பாழாகிவிடுகிறது. நீர் இறங்கிக் கணுக்காலில் தேங்குகிறது. வீங்கிய காலோடு வருபவரின் ரத்தத்தை நடு இரவில் எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் நுண்புழு தென்படாததற்குக் காரணம் இது. சென்னையில் சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் வி. குமாரசாமியும் அமெரிக்காவின் எரிக் ஒட்டேசனும் சேர்ந்து இந்தப் புழுவோடு பல ஆண்டுகள் வேலை செய்தார்கள். ஐவர்மெக்டின் என்ற மருந்து ரத்தத்திலிருந்து நுண்புழுவைத் துடைத்தெடுக்கும் என்று 1988-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு சென்னையில் நடந்தது. ஒட்டேசன் பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்துக்கே தலைமை ஏற்றார்.

ஆக, பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுடைய அம்மாவின் காலைப் பார்த்து எழுந்து போகிறார்கள். அந்தக் கால் யாருக்கும் எதையும் தராது. எழுந்து போகிறவர்களில் ஒருவர் ரத்தத்தில் நுண்புழு நீந்திக்கொண்டிருக்கலாம்.

புழு தொடங்கிவைத்ததைப் பாக்டீரியா முடிக்கிறது என்பது அடுத்த விஷயம். இது வெகு தாமதமாகத்தான் மருத்துவ உலகுக்குத் தெளிவானது. யானைக்காலோடு வாழ்பவர்களுக்குப் பெரிய தொல்லை வீக்கத்தின் பாரம்கூட இல்லை. அடிக்கடி வரும் அந்தக் காய்ச்சல்தான். திடீரென்று குளிர் எடுக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும், கால் சிவந்து நெருப்பாகக் கொதிக்கும். மூன்று நாள், ஒரு வாரம் என்று படுக்கவைக்கும். ஒவ்வொரு முறையும் காய்ச்சல் போன பிறகு கால் முன்பைவிடச் சற்றுத் தடித்து, தோல் மேலும் முரடாகியிருக்கும். இது புழுவின் வேலை என்றே நீண்ட காலம் நம்பினார்கள், அதற்குப் புழு மாத்திரையே கொடுத்தார்கள். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா ட்ரேயர் என்ற மருத்துவர் 1990-களில் நோயாளிகளைக் கவனித்து, இந்தக் காய்ச்சல்களில் பெரும்பாலானவை விரல் இடுக்குப் புண், வெடிப்பு, கீறல் வழியே பாக்டீரியா புகுவதால் வருகின்றன என்று காட்டினார். வடிகால் இல்லாத காலில் பாக்டீரியாவை எதிர்க்கும் படை வந்துசேர முடிவதில்லை.

இதில் உப்பளத் தொழிலாளிக்கு இரட்டைச் சுமை. உப்புநீரிலும் உப்புப் பரலிலும் நாளெல்லாம் நிற்கும் பாதம் வெடிக்கும், கீறும். ஏற்கெனவே வடிகால் பழுதான காலுக்கு ஒவ்வொரு வெடிப்பும் ஒரு வாசல். நோயை உப்பளம் கொண்டுவரவில்லை என்றேன். ஆனால் இருக்கிற நோயை அது வளர்க்கும். பாத்திக்குப் பக்கத்தில் கால் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒரு நிழல், மாற்றிக்கொள்ள ஒரு மறைவு இல்லாததைத் தொழிலாளர் பிரச்சினை என்றுதான் பேசுகிறோம். அது மருத்துவப் பிரச்சினையும்தான். மழைக்காலத்தில் இந்தக் காய்ச்சல் இன்னும் அடிக்கடி வரும். உப்பளத்தில் வேலை இல்லாத மாதங்களும் அவைதான்.

அந்தக் காலைச் சுற்றி வரும் வாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருப்பது அதனால்தான். உள்ளே புழு அழுகுகிறது என்று நினைக்கிறார்கள். தோல் மடிப்புகளில் ஈரம் தங்கி, பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்வதால் வரும் வாடை அது. சோப்பும் தண்ணீரும் போதும், சில வாரங்களில் போய்விடும்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். இரண்டு காலையும் சாதாரண சோப்பு போட்டு, தேய்க்காமல், மடிப்புக்குள்ளும் விரல் இடுக்கிலும் கழுவ வேண்டும். வழியும் தண்ணீர் தெளியும் வரை அலச வேண்டும். மெல்லிய துணியால் ஒற்றி, விரல் இடுக்கை முழுதாக உலர்த்த வேண்டும். அரிப்போ வெள்ளைப் படலமோ இருந்தால் பூஞ்சைக் களிம்பு. உட்கார்ந்தாலும் படுத்தாலும் காலை உயர்த்தி வைக்க வேண்டும், கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். காய்ச்சல் வந்துவிட்டால் ஈரத்துணி, ஓய்வு, பாராசிட்டமால், மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக். எண்ணெய் போட்டு நீவுவதும், கீறி ரத்தம் எடுப்பதும் காலைக் கெடுக்கும். ஆரம்ப நிலை வீக்கம் இப்படியே கணிசமாக வடியும். முற்றிய வீக்கம் வடியாவிட்டாலும் காய்ச்சல் நிற்கும். ஆண்களின் விரைவீக்கமும் இதே புழு தருவதுதான். அதைக் காலைவிட இன்னும் ரகசியமாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்குச் சிறு அறுவை சிகிச்சை போதும், அரசு மருத்துவமனையிலேயே.

இப்போது உப்புக்கு வருகிறேன். இந்தக் கரையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1947-ல் டைஎதில்கார்பமசின் என்ற மருந்து நுண்புழுக்களைக் கொல்லும் என்று தெரியவந்தது. டி.இ.சி. என்பார்கள். விலை மலிவு, ஆனால் ஊர் முழுவதையும் விழுங்கவைப்பது எப்படி? சமையலின் சூட்டில் இந்த மருந்து கெடுவதில்லை என்பதைப் பயன்படுத்தி, அதைச் சமையல் உப்பில் கலக்கலாம் என்று சோதித்துப் பார்த்தவர் பிரிட்டிஷ் ஒட்டுண்ணி ஆய்வாளர் ஃபிராங்க் ஹாக்கிங். பிரேசிலில் செய்த அந்தச் சோதனை 1967-ல் வெளியானது. இரவில் வெளியே வந்து பகலில் நுரையீரலில் ஒதுங்கும் புழுவின் பழக்கத்தை ஆராய்ந்தவரும் அவரே. கருந்துளை பற்றி எழுதிய ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் தந்தை என்று சொன்னால்தான் பலருக்கு ஆளைத் தெரிகிறது. யானைக்காலோடு வாழும் கோடிக்கணக்கானவர்களுக்கு அப்பா செய்தது பிள்ளை செய்ததைவிடப் பெரிது என்பது என் கட்சி.

ஒரு கிலோ உப்பில் ஒன்று முதல் நான்கு கிராம் மருந்து. ருசி, நிறம் எதுவும் மாறாது. சீனம் பல மாகாணங்களில் இந்த உப்பைக் கொடுத்தது. 2007-ல் அங்கே யானைக்கால் பரவல் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் லட்சத்தீவுகளில் 1970-களில் முயன்றார்கள். பிறகு 1980-களில், மரக்காணத்துக்குத் தெற்கே இதே கடற்கரையில், காரைக்காலில். தொடக்கத்தில் அங்கே நூறு பேரில் நான்கு பேருக்கு மேல் ரத்தத்தில் நுண்புழு இருந்தது. நான்கு ஆண்டுகள் ஊரே மருந்து கலந்த உப்பைச் சமைத்துச் சாப்பிட்ட பிறகு ஆயிரத்தில் ஒருவருக்கும் கீழே போனது.

எனக்கு இந்த உப்பில் பிடித்தது அதன் மருத்துவ வெற்றி மட்டுமல்ல. மாத்திரை என்றால் யாருக்கு, எதற்கு என்ற கேள்வி வரும். ‘எனக்கென்ன யானைக்காலா, மாத்திரை கொடுக்கிறீர்கள்?’ என்ற கோபம் வரும். உப்பு யாரையும் விரல் நீட்டிச் சொல்லவில்லை. கால் வீங்கியவரும் வீங்காதவரும் ஒரே கடையில் ஒரே பொட்டலத்தை வாங்கினார்கள்.

பிறகு ஏன் தமிழ்நாடு முழுக்க அந்த உப்பு வரவில்லை? காரைக்கால் சிறிய ஊர், சுற்றி வேலி போட்டது போன்ற தனி ஆட்சிப் பகுதி. அங்கே வேறு உப்பு நுழையாமல் பார்த்துக்கொள்ளலாம். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் உப்பு விளையும் மாநிலத்தில் அது நடக்காது. பாத்தியிலிருந்து அள்ளிய கல்லுப்பே பாதி வீடுகளுக்குப் போதும். அதனால் அரசு ஆண்டுக்கு ஒருமுறை மாத்திரை என்ற வழியை எடுத்தது. 1996-97-ல் ஏழு மாநிலங்களின் 13 மாவட்டங்களில் முன்னோட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்தது கடலூர் மாவட்டத்தை. 2004-ல் நாடு தழுவிய திட்டமானது. டி.இ.சி.யோடு அல்பெண்டசோலும் சேர்ந்தது.

மாத்திரை சாப்பிட்டுச் சிலருக்குக் காய்ச்சலும் தலைசுற்றலும் வந்தன. உடனே வதந்தி கிளம்பியது. காய்ச்சல் வருவதன் காரணம், ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த நுண்புழுக்கள் கூட்டமாகச் செத்து அவற்றின் மிச்சம் ரத்தத்தில் கலப்பது. அதாவது மாத்திரை யாருக்கு மிக அவசியமோ அவரைத்தான் அது படுத்தியது. ‘நல்லா இருந்த மனுஷன், மாத்திரை போட்டுப் படுத்துட்டான்’ என்று ஊர் பேசியது. நல்லா இருந்த மனுஷன் என்ற அந்த நம்பிக்கையில்தான் இந்த நோய் நூற்றாண்டுகளாகப் பிழைத்திருக்கிறது.

கொசுப் பக்கமும் வேலை நடந்தது. 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையம், பி.கே. ராஜகோபாலன் தலைமையில் 1981 முதல் 1985 வரை நகரத்தின் சாக்கடைகளையும் கிணறுகளையும் கொசு வளராத இடங்களாக்க முயன்றது. மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தில் அன்று சேர்ந்திருந்த திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களில் மதுரை ஆய்வாளர்கள் மாத்திரையோடு சேர்த்து, கழிவுநீர்க் குழிகளிலும் பயன்படாத கிணறுகளிலும் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மணிகள் தண்ணீரை மூடிக்கொள்ளும். கொசுப்புழு மேலே வந்து மூச்சுவிட முடியாது. 2017-ல் தண்ணீர் ஆவியாவதைத் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டதைப் பார்த்து நாம் சிரித்தோமே, அதற்கு முன்பே தெர்மாகோல் இங்கே உருப்படியாக ஒரு வேலை செய்திருக்கிறது. மாத்திரை மட்டும் கொடுத்த ஊர்களைவிட, மணியும் சேர்த்த ஊர்களில் பலன் நீடித்தது.

2016-ல் இலங்கை யானைக்காலை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களிலும் பரவல் அடங்கி, பொது மாத்திரை விநியோகம் நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. ஆனால் புழு போனால் கால் பழையபடி ஆகாது. பரவல் நின்ற ஊரிலும் முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்தக் காலோடு வாழப்போகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக அரசு கால் பராமரிப்புப் பெட்டி தருகிறது, முற்றிய நிலைக்கு மாத உதவித்தொகையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டும். பரவல் ஒழிந்தது என்ற சான்றிதழ் வந்தவுடன் இவர்களைக் கோப்பிலிருந்து எடுத்துவிடும் ஆபத்து இருக்கிறது, அதை விடக்கூடாது.

வாசிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். சம்பந்தம் பேசப் போன வீட்டில் யாருக்காவது கால் வீங்கியிருந்தால் அதைக் காரணம் காட்டி எழுந்து வராதீர்கள். அப்படியும் பயமாக இருந்தால், சோதித்துக்கொள்ள வேண்டியது உங்கள் ரத்தத்தை. இப்போது அதற்கு நடு இரவு வரை காத்திருக்கவும் தேவையில்லை. புழுவின் ஆன்டிஜெனைக் காட்டும் பட்டைச் சோதனைக்குப் பகலில், விரல் நுனியிலிருந்து சில துளி ரத்தம் எடுத்தால் போதும். பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.